தப்பி என்று சொன்ன சனிக்கிழமை

என் வீட்டுக்காரர் ஜூலோடு சீட்டாட வருகிறவர்களிடம் நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன், ஜெயிக்கலாம் என்று மட்டும் நினைத்து உட்காராதீர்கள், நல்ல காப்பி கிடைக்கும் என்று நினைத்து உட்காருங்கள் என்று. நான் பெருமைக்காகச் சொல்வதில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சாப்பாட்டு நேரம் தப்பிப்போகும். ஆனால் கையில் ஐந்து சீட்டோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில், கடலிலிருந்து மூன்றாவது தெரு. ஜூல் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்தேழு வருஷம் இருந்து அஜுதான் என்ற பதவியில் ஓய்வு பெற்றவர். ஆப்பிரிக்காவில் ஜிபுத்தியில் வெயிலுக்குப் பயந்து எல்லோரும் கூடாரத்துக்குள் கிடந்த மத்தியானங்களில் போக்கர் பழகினாராம். நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்கு முன்கோபம் உண்டு. என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் முன்னறையில் ஆட்டம் தொடங்கும். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஆட்டமும் பழைய போக்கர். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரு சுற்று வில்லை வைத்த பிறகு, வேண்டாத சீட்டைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை வேறு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் மறுபடி ஒரு சுற்று வைக்க வேண்டும். வைக்க மனசில்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கடைசிவரை நின்றவர்கள் சீட்டைத் திறந்து காட்டுவார்கள். ஆனால் ஒருவரைத் தவிர எல்லோரும் ஒதுங்கிவிட்டால் அந்த ஒருவர் எதையும் காட்ட வேண்டியதில்லை, நடுவில் கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம். அத்தனை திருட்டுத்தனமும் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் நடந்துகொண்டு மற்றவர்களைத் துரத்திவிடலாம். ஜூல் அதைப் பிரெஞ்சில் 'ப்ளெஃப்' என்பார். நான் பாவ்லா என்பேன்.

ஜூல் பாவ்லா காட்டுவது அபூர்வம். மாதத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். அதனாலேயே காட்டும்போது பலிக்கும். "பொய் சொல்றது பெரிசில்ல ஏஸ்தெல்" என்பார். "மொதல்லேருந்து நீ செஞ்சதோட அந்தப் பொய் ஒட்டணும். மூணு சீட்டு மாத்திட்டுத் திடீர்னு எங்கிட்ட எல்லாம் இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்?" அடுத்தவர் பாவ்லாவைப் பிடிப்பதற்கும் அவரிடம் அதே வழிதான். "அவன் கையில என்னா இருக்குதுன்னு மண்டைய ஒடச்சுக்காத. அவன் சொல்ற கதை ஒழுங்கா வருதான்னு பாரு."

மற்றவர்கள் சீட்டை எடுத்தவுடன் தன் சீட்டைப் பார்ப்பார்கள். ஜூல் பார்க்க மாட்டார். மற்றவர்கள் பார்த்து முடிக்கும்வரை அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் தன்னுடையதை எடுப்பார், அதுவும் ஒரே தடவை. திரும்பப் பார்க்கும் வழக்கமே கிடையாது.

பக்கத்து வீட்டுத் தணிகாசலம் அண்ணன் மின்துறையில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் மேசைக்குப் பத்து வருஷப் பழக்கம். ஒரு தடவை அவர் ஒரு பெரிய குவியலை நடுவில் தள்ளிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூல் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "ரெண்டு ஏழ வெச்சுக்கிட்டு இன்னாத்துக்குய்யா இந்த ஆட்டம்" என்று சொல்லிவிட்டு அதே அளவு வில்லை கட்டினார். திறந்து பார்த்தால் இரண்டு ஏழுதான். தணிகாசலம் அண்ணன் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமலேயே வைத்திருந்ததை ஜூல் கவனித்தாராம். ஏழு என்று எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

இப்படி ஊரில் இருக்கிறவர்கள் பாவ்லாவை எல்லாம் பிடிக்கிற மனுஷன், தன் கால் விஷயத்தில் மட்டும் உலகத்துக்கே பாவ்லா காட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. மார்ச் மாதம் புதுச் செருப்பு இடது காலில் இரண்டாவது விரலைக் கடித்தது. சொல்லவில்லை. சித்திரை வெயிலில் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். கேட்டால் தரை சில்லென்று இருக்கிறதாம். ஒரு நாள் சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது வந்த நாற்றத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. விரல் நுனி கறுத்திருந்தது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அமுதவல்லி கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், நாற்பத்தைந்து வயசு இருக்கும். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தாளானால் முதல் வேலையாக அவர் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள். டாக்டரிடம் காட்டவும் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். விரலை எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை படுக்கை தருகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூல் வீட்டுக்கு வந்ததும் வர மாட்டேன் என்றார்.

"மதாம், இப்பப் போனா ஒரு வெரலோட போயிடும்" என்றாள் அமுதவல்லி என்னிடம், மாடிப்படியில் நின்றுகொண்டு. "பத்து நாள் தள்ளிட்டா கணுக்காலுக்கு மேல எடுக்கணும்னு சொல்லுவாங்க. நான் வார்டுல தெனமும் பாக்கறேன்."

நான் சொல்லிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். இரண்டு நாள் சமைக்காமல் கிடந்து பார்த்தேன், அவர் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வந்து எனக்கும் ஒரு பங்கு வைத்தார். பிரான்சில் இருக்கும் எங்கள் மகன் திதியேவை விட்டுப் போனில் பேசச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "ஒன்னுமில்ல. நான் பாக்காத புண்ணா?"

அந்தச் சனிக்கிழமை, தணிகாசலம் அண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தபோது, கட்டு கட்டி முடித்துவிட்டு அமுதவல்லி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"முசே, ஒரு பந்தயம் வெக்கலாமா?"

ஜூல் நிமிர்ந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் பந்தயம் என்ற வார்த்தையை அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"சாயந்தரம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு எந்தக் கை ஓடுதோ அதுதான் கடைசி. அது முடிஞ்சதும் உங்க குவியல் பெரிசா இருந்தா இனிமே காலப் பத்தி நான் வாயத் தெறக்க மாட்டேன். மதாமும் தெறக்க மாட்டாங்க. எங்கள்ல யாரோடதாவது உங்களோடதவிடப் பெரிசா இருந்தா திங்கக்கெழம நீங்க என்கூட வரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்ல இவள் யார்? ஆனால் ஜூலின் கண்ணைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டேன். மூன்று வாரமாகச் செத்த மீன் கண் மாதிரி இருந்தது, அப்போது பளிச்சென்று இருந்தது.

"நீங்க மூணு பேரும் ஒரே கட்சியா, சிஸ்டர்?"

"ஆமாம் முசே. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?"

"மூணு பேரும் வாங்க" என்றார். "சொன்னது சொன்னதுதான்."

காப்பி கலக்கப் போன இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமா அமுதா? நீ ஆட ஆரம்பிச்சே மூணு வாரந்தான் ஆவுது. அவரப் பத்து வருஷமா தணிகாசலம் அண்ணனால அசைக்க முடியல."

"அவரு வேற எதுக்கும் வர மாட்டாரு மதாம்" என்றாள் அவள், சர்க்கரை போடாத டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே. "இதுக்கு வந்தாரே."

கல்லூரியில் முப்பது வருஷம் பிடிவாதக்காரப் பிள்ளைகளைப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

அவள் சீட்டாட்டம் அறியாதவள் அல்ல. ரம்மி நன்றாக ஆடுவாள். எங்கள் பிரெஞ்சுச் சீட்டில் ராஜா மேல் R என்று போட்டிருப்பதைப் பார்த்து முதல் நாளே, ராஜாவுக்கு R, சரியாத்தானே போட்டிருக்குது என்றாள். கணக்காக ஆடுவாள், அவசரப்பட மாட்டாள், வேண்டாத கையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுவாள். ஜூலே ஒரு நாள், இந்தப் பொண்ணு கெட்ட சீட்டுக்கு வருத்தப்படறதில்ல, அது பெரிய விஷயம் என்று சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. நாலரை மணிக்குத் தணிகாசலம் அண்ணனிடம் ஒரு வில்லை இல்லை. எழுந்து போகாமல், நானே சீட்டுப் போடறேன் என்று கட்டை வாங்கிக்கொண்டார். மீதி மூன்று பேர். நானும் அமுதவல்லியும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் பிடுங்கினோம், ஜூல் இரண்டே கையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவருடைய கால் என்பதை அடிக்கடி நானே மறந்து போனேன், அவ்வளவு அழகாக ஆடினார். நான் மூன்று பத்தை வைத்துக்கொண்டு ஆசையாக ஒரு குவியலைத் தள்ளியபோது, இருந்த இரண்டு ராணியையும் அவராகவே எங்களிடம் காட்டிக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் கட்டியிருப்பார்கள்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவர் குவியல் பெரிது, எங்கள் இருவருடையதும் சின்னது.

"இதுதான் கடைசிக் கை" என்றார் ஜூல்.

சீட்டு வந்தது. எனக்கு ஆட்டின் ஜாதியில் நாலு சீட்டு, ஒரு கிளாவர் ஆறு. ஐந்தாவதும் ஆட்டினாக வந்துவிட்டால் சாதாரணமாக எதற்கும் பயப்பட வேண்டாத கை. தைரியமாக வில்லைகளை வைத்தேன். அமுதவல்லியும் வைத்தாள். ஜூல் எங்கள் இருவருக்கும் சமமாக வைத்து, அதற்கு மேலும் வைத்தார். நாங்களும் விடவில்லை. முதல் சுற்று முடிந்தபோது நடுவில் கிடந்ததே ஜூல் முன்னால் மீதி இருந்ததைவிடப் பெரிது. ஆக, அந்த ஒரு கையை எடுத்தவர்தான் ஜெயித்தவர்.

மாற்றும் சுற்று. அமுதவல்லி மூன்று சீட்டு மாற்றினாள். அப்படியென்றால் ஜோடி ஒன்றை வைத்துக்கொண்டு கடவுளை நம்பியிருக்கிறாள். நான் ஒன்று மாற்றினேன். ஜூல் இரண்டு மாற்றினார். அவரிடம் ஒரே மாதிரி மூன்று இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

என் ஒற்றைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இஸ்பேட் நாலு. நாலு ஆட்டினையும் ஒரு இஸ்பேடையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஜோடிகூட இல்லை.

முதலில் பேச வேண்டியது அமுதவல்லி. அவள் தன் சீட்டைப் பார்த்தாள், நேர்த்தியாக அடுக்கிக் கவிழ்த்துத் தன் முன்னால் வைத்தாள். மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, "தப்பி" என்றாள்.

தணிகாசலம் அண்ணன் கையிலிருந்த கட்டு அப்படியே நின்றது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரெஞ்சில் தப்பி என்றால் விரிப்பு. தன்னிடம் இருக்கும் அத்தனை வில்லையையும் மேசை விரிப்பின் மேல் வைத்துவிடுகிறேன், இனி என்னிடம் வைக்க ஒன்றுமில்லை என்று சொல்வதற்குப் போக்கரில் அந்த ஒரு வார்த்தைதான். ஜூல் எப்போதாவது அதைச் சொன்னால், தணிகாசலம் அண்ணன் அவசர அவசரமாகச் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, தப்பிச்சேன்டா சாமி என்பார். பத்து வருஷமாக இதே வேடிக்கைதான். மூன்று வாரமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த அமுதவல்லி, சீட்டைக் கீழே போட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு இந்த வீட்டு வார்த்தை தப்பி என்று நினைத்துவிட்டாள். அவ்வளவு நாள் சத்தமில்லாமல் கவிழ்த்தவள், கடைசிக் கையை முறைப்படி செய்ய வேண்டும் என்று அன்றைக்குப் பார்த்து அதைச் சொன்னாள்.

"சிஸ்டர்" என்றார் ஜூல் மெதுவாக, "என்னா சொன்னீங்க?"

"தப்பின்னேன் முசே. எனக்கு ஒன்னும் வரல. நான் ஒதுங்கிக்கறேன்."

தணிகாசலம் அண்ணன் அர்த்தத்தைச் சொன்னார். அவள் முகம் வெளுத்தது.

"அவ ஒதுங்கறேன்னு சொன்னது உங்களுக்குப் புரியலயா?" என்று ஜூலிடம் பாய்ந்தேன்.

"புரிஞ்சுது. மேசையில வாயால சொன்னதுதான் நிக்கும். போன வருஷம் நான் வாய் தவறிச் சொன்னப்ப விட்டீங்களா?"

விடவில்லை. நான்தான் அதிகமாகக் குதித்தேன், சொன்னது சொன்னதுதான் என்று.

"இருக்கட்டும் மதாம்" என்றாள் அமுதவல்லி. "சொல்லிட்டேன்ல." இரண்டு கையாலும் தன் வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினாள். அழவில்லை, கெஞ்சவில்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் வயசில் எனக்கு அந்த நிதானம் இல்லை.

அடுத்து நான் பேச வேண்டும்.

அவளிடம் ஒன்றுமில்லை என்பதை அவளே சொல்லிவிட்டாள். நான் ஒதுங்கினால் ஜூல் அவளுக்குச் சமமாகக் கட்டி, மூன்றைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வார். அப்புறம் நான் வாயைத் திறக்கக் கூடாது. பத்து நாள் அவர் சாக்ஸோடு நடப்பதைப் பார்த்துக்கொண்டு, கேட்காமல், பேசாமல் சோறு போட வேண்டும். பதினோராவது நாள் கணுக்கால்.

நான் நின்றால், அவர் பயப்பட வேண்டியது என் ஒருத்திக்குத்தான். பயந்து அவர் ஒதுங்கிவிட்டால் நடுவில் கிடப்பது எங்கள் இருவரில் ஒருவருக்கு. என் கதை ஒட்டுகிறதா என்று யோசித்தேன். முதல் சுற்றில் தைரியமாக வைத்தேன், ஒட்டுகிறது. ஒரே ஒரு சீட்டு மாற்றினேன், அதுவும் ஒட்டுகிறது. இப்போது எல்லாவற்றையும் வைத்தால், ஐந்தும் ஆட்டின் சேர்ந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெறும் மூன்று ஒரே மாதிரிச் சீட்டு அதன் முன் நிற்காது.

கதை சரிதான், சொல்லும் ஆள்தான் சரியில்லை. எனக்குப் பாவ்லா காட்ட வராது. நல்ல சீட்டு வந்தால் எனக்குக் கோபம் வரும், எல்லோரையும் திட்டுவேன். மோசமான சீட்டு வந்தால் நல்ல மனுஷியாகிவிடுவேன், இன்னும் கொஞ்சம் காப்பி வேணுமா என்று கேட்பேன். இதைக் கண்டுபிடித்து எனக்கே சொன்னவர் ஜூல்தான். அதனால் திட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்லவேளையாக நடிக்கத் தேவைப்படவில்லை.

"என்னோடதும் தப்பி" என்று குவியலை ஓங்கித் தள்ளினேன். நாலைந்து வில்லை உருண்டு தரையில் விழுந்தது. "இப்ப சந்தோஷமா? தெரியாத பொண்ணு வாய் தவறிச் சொன்னத வெச்சு ஜெயிக்கப் பாக்கறீங்களே, நீங்கல்லாம் ஒரு அஜுதான். கட்டறதுன்னா கட்டுங்க. வேணாம்னா போடுங்க. மரம் மாதிரி ஒக்காந்திருக்காதீங்க."

ஜூல் என்னைப் பார்த்தார். முறுக்கைக் கடிக்காத மனுஷனைப் பார்த்தாரே, அதே பார்வை.

"ஒரு சீட்டுதானே மாத்தின?"

"ஏன், கண்ணு தெரியலயா?"

அவர் தலையாட்டினார். ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்று, திரும்பப் போனது. நாற்காலிக்கடியில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். தன் சீட்டை எடுத்து இரண்டாவது தடவை பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத காட்சி அது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரை நான் அசைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது, அதை அமுக்கப் பெரும்பாடு பட்டேன்.

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. தணிகாசலம் அண்ணன் சீட்டுக்கட்டைத் தட்டி நேராக்கினார். கடைசி மணியும் அடித்து ஓய்ந்தது. ஜூல் ஐந்து சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, கழித்த சீட்டுகள் மேல் கவிழ்த்து வைத்தார்.

"எடுத்துக்கோங்க" என்றார்.

நானும் அமுதவல்லியும் திறந்தோம். அவளிடம் இரண்டு எட்டு. என்னிடம் என்ன இருந்தது என்றுதான் சொன்னேனே. தணிகாசலம் அண்ணன் என் சீட்டைக் குனிந்து குனிந்து பார்த்தார். "மதாம், ஒன்னுமே இல்லியே" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஆட்டத்தை விட்டு ஒதுங்கப் பார்த்த அமுதவல்லி, இரண்டு எட்டை வைத்துக்கொண்டு அத்தனையையும் ஜெயித்துவிட்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானோ எழுந்தே நின்றுவிட்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக இந்த மனுஷனை ஏமாற்றிவிட்டேன். பாண்டிச்சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு வரலாம் போல இருந்தது.

ஜூலும் சிரித்தார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவன் சிரிப்பாக அது இல்லை.

கவிழ்த்த சீட்டைப் பார்க்கக் கூடாது. வில்லை கட்டியவருக்குத்தான் பார்க்கும் உரிமை, இது எங்கள் மேசையில் வேதம். நான் அந்தக் கட்டின் மேல் கை வைத்தேன். ஜூல் என் கை மேல் கையை வைத்தார்.

"ஏஸ்தெல், வேணாம். கட்டாம பாக்கக் கூடாது."

"என்ன செய்வீங்க?" என்று கேட்டு, கையை உதறிவிட்டு, மேலே இருந்த ஐந்தையும் புரட்டினேன்.

மூன்று ராஜா. இரண்டு ஒன்பது.

சீட்டாடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெறும் மூன்று ராஜாவாக இருந்தால் ஐந்து ஆட்டின் அதை அடித்துவிடும். மூன்று ராஜாவோடு ஒரு ஜோடியும் சேர்ந்துவிட்டால் ஐந்து ஆட்டின் அதன் கிட்டே வர முடியாது. அவர் மாற்றிய இரண்டு சீட்டிலும் ஒன்பது வந்திருக்கிறது. என் பாவ்லாவை அவர் முழுசாக நம்பியிருந்தால்கூட, என் கையில் உண்மையிலேயே ஐந்தும் ஆட்டினாக இருந்திருந்தால்கூட, ஜெயித்தது அவர்தான். அது அவருக்குச் சீட்டை எடுத்த நிமிஷமே தெரியும். யோசிக்க ஒன்றுமே இல்லாத கை. அதை வைத்துக்கொண்டு அத்தனை நேரம் யோசித்திருக்கிறார்.

தணிகாசலம் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏன்?" என்றேன்.

"திட்டினது நல்லாதான் இருந்துச்சு" என்றார் ஜூல். "சரியான நேரம், சரியான அளவு. நான்கூட ஒரு நிமிஷம் இவளுக்கு ஆட்டின் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ஆனா சீட்டு வந்தவ என் குவியலப் பாப்பா. நீ என் காலப் பாத்துக்கிட்டு இருந்த. உள்ள இழுத்தேன், அங்கயும் பாத்த. வெளிய நீட்டினேன், அங்கயும் பாத்த."

நான் அப்படிப் பார்த்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அதுக்காகவா இந்தக் கையப் போட்டீங்க?"

அவர் சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்தார். மூன்று ராஜாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன் வார்த்தை தேடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் ஜெயிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் கால் பேச்சே எடுக்க மாட்டீங்க" என்றார். "சிஸ்டர் சொன்னா சொன்னதுதான், இப்பதான் பாத்தோமே. நீயும் ரோஷக்காரி. வாயத் தெறக்க மாட்ட. நானாப் போறேன்னு சொல்ற தைரியம் எனக்குக் கெடையாது ஏஸ்தெல், பயமா இருக்குது. நீயும் திட்டலன்னா அப்புறம் யாரு என்னக் கூட்டிக்கிட்டுப் போவாங்க?"

நான் அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அமுதவல்லி எழுந்து வந்து அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோ வரும், வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றாள்.

"காப்பி?" என்று கேட்டார் ஜூல்.

"தண்ணிகூடக் கூடாது முசே."

அவர் என்னைப் பார்த்தார். நானும் குடிக்க மாட்டேன் என்றேன்.